கிழக்கே ஓடிய பால்

எங்கள் வீட்டை யாரும் கல்லுக் கல்லாகக் கட்டவில்லை. தொழிற்சாலையில் சுவர் சுவராகச் செய்து, லொறியில் கொண்டுவந்து இறக்கி, பொருத்திவிட்டுப் போனார்கள். பிரெஞ்சு நாட்டுக்கு வந்து, மார்க்ஸ் டோர்மோயில் வாடகை வீட்டில் பிள்ளை வளர்த்த எங்களுக்கு, லா கூர்னெவுக்கு அங்கால் சொந்தமாக ஒரு கதவு கிடைத்தது பிள்ளையார் தந்த வரம். ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் என்னோடு சமையலில் நிற்கிற அண்ணை மட்டும் பகிடி விடுவார்.

"பலகைப் பெட்டி வாங்கியிருக்கிறாய். காத்தடிச்சால் கயிறு போட்டுக் கட்டு."

புதுவீடு குடிபூரலுக்கு வந்து கைத்தொலைபேசியில் வீடியோப் படம் பிடித்தவரும் அவர்தான். அன்றைக்கு வீட்டில் ஒரு கதிரைகூட இல்லை. ஹோலின் நடுவில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்த பால் நிலத்தில் இறங்கி, நேரே கிழக்குச் சுவரைப் பார்த்து ஓடியது. பால் கிழக்கே போனால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். எல்லோரும் கைதட்டினோம். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மாரிகாலத்துக்குள் கிழக்குப் பக்கச் சாமியறைக் கதவு சாத்தச் சாத்தத் தானாகத் திறந்தது. சுவரும் நிலமும் சேருகிற இடத்தில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. அதற்குள்ளால் குளிர் வந்தது. மனைவி விளக்கேற்றினால் சுடர் நிற்காது.

வீடு செய்த கம்பனிக்கு மகள் பிரெஞ்சில் எழுதினாள். ஒரு ஆள் வந்து சாமியறையைப் பார்த்தார். கருங்கல் பிள்ளையார், பித்தளைக் குத்துவிளக்குகள், மூலையில் அரிசி மூட்டைகள். "நாங்கள் தந்தபோது நிலம் மட்டமாக இருந்தது. நீங்கள் பாரம் ஏற்றியதால் இந்தப் பக்கம் பதிந்து சரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "சாமியை வச்சது பிழையெண்டு சொல்லுறானே, இஞ்சருங்கோ."

வழக்குக்குப் போக எங்களுக்கு வசதி இல்லை. மெரியில், அதுதான் நகரசபையில், இரண்டு பகுதியையும் இருத்திக் கதைத்துச் சமரசம் செய்து வைக்கிற ஒரு அம்மா இருக்கிறா என்று மகள் அறிந்து வந்தாள். அங்கே சரிவராவிட்டால் அந்தச் சரிவுக்குள்ளேயேதான் காலம் தள்ளவேண்டும்.

முதல் விசாரணையில் நான் வெட்கத்தோடு திரும்பினேன். கம்பனிக்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். அந்த அம்மா எங்களிடம் ஒன்றைத்தான் கேட்டா: "சாமான் வைக்க முந்தியே நிலம் சரிந்திருந்தது என்று எப்படிச் சொல்லுவீர்கள்?" அத்தாட்சி கொண்டுவரச் சொல்லி இன்னொரு தவணை தந்து அனுப்பினா.

அடுத்த நாள் கடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்த அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டாப்பா இடி விழுந்த மாதிரி நிக்கிறாய்? குடிபூரலண்டு எப்படிச் சிரிச்சனீ! இஞ்சை பார்."

கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே பிடித்தார். அடுப்பு. பால். பொங்குகிறது. வழிகிறது. எங்கேயும் பரவாமல், தேங்காமல், யாரோ நூல் கட்டி இழுத்தமாதிரி கிழக்குச் சுவருக்கு ஓடுகிறது.

"அண்ணை, திருப்பிப் போடுங்கோ."

"ஏன், உன்ர மனுசி வடிவாய் நிக்கிறாவோ?"

"பாலைப் பாருங்கோ அண்ணை. மட்டமான நிலத்திலை பால் இப்படி ஓடுமே?"

அவர் பார்த்தார். கறி அடிப்பிடிக்கிற மணம் வரும்வரை இரண்டு பேரும் பார்த்தோம். "முருகா" என்றார். பிறகு, "நானும் கைதட்டினனானே" என்றார்.

இரண்டாம் விசாரணையில் மகள் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். வெறும் வீடு, சாமியும் இல்லை, அரிசியும் இல்லை. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தா.

"இவர்கள் ஏன் கைதட்டுகிறார்கள்?"

மகள் சிவந்துபோய் விளக்கம் சொன்னாள். பால் கிழக்கே போவது எங்களுக்கு நல்லது என்று. அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பனிக்காரர் இன்னொருமுறை பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார்.

"அடித்தளத்தை நாங்கள் சரியாக வைக்கவில்லை. திருத்தித் தருகிறோம்."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. எல்லோரும் கையெழுத்து வைத்தோம். வெளியே வந்ததும் மனைவி படியிலேயே குந்தி இருந்துவிட்டாள். "பிள்ளையாரிலை பிழையில்லை" என்றாள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. நான் நேரே லா சப்பல் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

சொன்னபடி வந்து அந்தப் பக்கத்தை உயர்த்தி, நிலப் பலகையைப் பிரித்துப் பொருத்தினார்கள். கதவு சாத்தினால் சாத்தினபடி நின்றது. நான் வேண்டாமென்றும் மனைவி கேட்கவில்லை, திரும்பவும் பால் காய்ச்சவேண்டும் என்றாள். அண்ணையும் வந்தார், அதே கைத்தொலைபேசியோடு.

பால் பொங்கி நிலத்தில் இறங்கியது. வட்டமாகப் பரந்து, அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை, கிழக்கும் போகேல்லை, மேற்கும் போகேல்லை. சகுனம் என்ன சொல்லுது?" என்றார் அண்ணை.

"ஒண்டும் சொல்லவேண்டாம் அண்ணை. நிண்ட இடத்திலையே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மனைவி விளக்கேற்றப் போனாள். சுடர் நேராக எரிந்தது.