இடியக்காவின் நான்கு வீடுகள்

இடியக்கா சிரித்தால், யார் சிரித்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன விழுந்தது என்றுதான் கேட்பார்கள். ஆளைப் பார்த்தால் உள்ளே அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஒல்லி உடம்பு, நாற்பத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. பேச்செல்லாம் சாதாரணக் குரலில்தான். ஏதாவது வேடிக்கை கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் முதலில் தோள் குலுங்கும், பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்துவாள், அப்புறம் பொத்திய கையையும் மீறிக்கொண்டு வெடிக்கும். இடி என்பது பள்ளிக்கூடத்தில் கிடைத்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது.

பொம்பளைப் பிள்ளை இப்படியா சிரிப்பது என்று முகம் சுளித்த உறவுக்காரர்கள் ஏராளம். அவர்கள் கிடக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்டதற்காகவே ஒருத்தர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். நில அளவை அலுவலகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை கட்டிவிடும் என்று நினைக்கும் ரகம். கண்ணாடி வாங்க வந்த இடத்தில், பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், "உள்ள யாருங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் முதலில் குடியிருந்தது நகரத்தின் நட்டநடுவில், ஏழாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து அடுப்படி தெரியும், அவர்கள் குழம்பில் உப்புப் போட மறந்தால் இங்கிருந்தே சொல்லலாம். ஆனால் நகரத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே கிடையாது. லிப்டில் நாலு பேர் ஏறினால் நாலு பேரும் ஏதோ பரீட்சை முடிவு வருகிற மாதிரி மேலே எரியும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸில் ஒருத்தர் தூங்கி, முன்பின் தெரியாதவர் தோளில் சாய்வார். அந்தத் தெரியாதவரும் தூங்கி இன்னொருத்தர் மேல் சாய்வார். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் பாவம், இறங்கும் இடம் வந்தும் எழுந்திருக்க மாட்டாமல் முழிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கணவரிடம் சொல்வாள். வினை அங்கேதான். சுவர் அவ்வளவு மெல்லிசு.

அக்கம்பக்கத்தார் கதவில் சீட்டுகள் ஒட்ட ஆரம்பித்தார்கள். "தயவுசெய்து மெதுவாகச் சிரிக்கவும்." "குழந்தை தூங்குகிறது." மூன்றாவது சீட்டில் ஒரு பட்டியலே இருந்தது: "நேற்று ஐந்து பத்து, ஐந்து இருபத்தைந்து, ஆறு மணி ஆகிய நேரங்களில் சிரித்தீர்கள்." அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்ததுதான் பெரிய தப்பு. நாலாவது சீட்டு வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து வந்தது. ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். இடியக்காவுக்கு அவமானமாக இருந்தது. வாழ்க்கையில் வேறு எதற்கும் அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

"தனி வீடா பாப்போம். சுத்தி மதில் இருந்தா கேக்காது" என்றார் கணவர். புறநகருக்குப் போனார்கள்.

குறை சொல்லக்கூடாது, நல்ல இடம். அகலமான தெரு, பெரிய வானம், வரைபட மேசைக்குத் தனி அறை. வீடுகள் மட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஊருக்கே வரைபடம் போடுகிற மனுஷர், குடிவந்த வாரத்திலேயே இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை இடியக்கா அதை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். மறுநாளே குடியிருப்போர் சங்கச் செயலாளர், சத்தத்தை அளக்கும் கருவியோடு வந்து நின்றார்.

"மேடம், இங்க நாய்க்கு ஒரு விதி இருக்கு, புல் வெட்டற மெஷினுக்கு ஒரு விதி இருக்கு. சிரிப்புக்கு இல்ல. உங்கள எதுல சேக்கறதுன்னு ரெண்டு மணி நேரம் பேசினோம். கடைசில மெஷின்ல சேத்துட்டோம். சனிக்கிழமை காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நீங்க தாராளமா சிரிக்கலாம்."

இதைக் கேட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? கருவியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கப் பழகினாள். கடைக்குப் போக ரயிலில் ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வீடு திரும்பினால் சாப்பிடக்கூடத் தெம்பிருக்காது. சனிக்கிழமை பத்து மணிக்கு முகம் கழுவி, நாற்காலியைப் போட்டு, சிரிக்கத் தயாராக உட்காருவாள். ஒன்றும் வராது. பன்னிரண்டு ஐந்துக்கு எதிர்வீட்டுக்காரர் தன் தோட்டத்துக் குழாயில் தானே தடுக்கி விழுவார். என்ன செய்ய!

"ஆளே இல்லாத எடத்துக்குப் போயிடலாங்க" என்றாள் ஒரு நாள். அப்படித்தான் நாட்டுப்புறத்துக்குப் போனார்கள். லென்ஸ் பார்சலில் வரும், கொட்டகையில் சின்ன மெஷின் வைத்துத் தேய்த்து அனுப்புவாள். அக்கம்பக்கம் என்று பார்த்தால் வாத்து வளர்க்கும் ஓர் அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான், அதுவும் அரை கிலோமீட்டர் தள்ளி.

முதல் வாரம் சும்மாவே வெட்டவெளியில் போய் நின்று சிரித்துப் பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை. சீட்டு இல்லை, செயலாளர் இல்லை. காற்று அப்படி இருந்தது, தக்காளி தக்காளியாக ருசித்தது. ஒரு பல்பு வாங்க அரை நாள் போகும், மழை பெய்தால் மின்சாரம் போகும், பல்வலி வந்தால் தெய்வம்தான் துணை. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சிரிக்க வைக்க ஆள் இல்லை, அதற்கு என்ன செய்வது? மரம் அழகு, வானம் அழகு, அந்தி அழகு. ஒன்றாவது தடுக்கி விழுந்ததா?

இரண்டாம் மாதத்தில் சிரிப்பு புன்னகையாக இளைத்தது. கணவருக்குக் கவலை வந்துவிட்டது. நகைச்சுவைத் துணுக்குப் புத்தகம் ஒன்றை வரவழைத்து, தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று என்று வாசித்தார். நிலத்தின் நீள அகலம் வாசிக்கிற அதே குரலில். அவள் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று மரியாதையாகப் புன்னகைப்பாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவர் ஆசையாக வீடு திரும்பியதே அந்தச் சத்தத்துக்காகத்தான். அது நின்றுபோனால் பிறகு என்ன வீடு?

ஒரு நாள் காலையில் வாத்துக்கார அம்மாள் வேலியருகே வந்து, கொடியில் காய்ந்த கம்பளியிடம் ஐந்து நிமிஷம் பேசினார். கடைசியில் கோபமே வந்துவிட்டது. "நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், மரம் மாதிரி நிக்கறியே, அவ்ளோ திமிரா உனக்கு?"

இடியக்கா இதைக் குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் புல்லில் புரண்டிருப்பாள். இப்போதோ, 'கண் பவர் மைனஸ் ஏழாவது இருக்கும்' என்று மட்டும் நினைத்தாள். நினைத்த பிறகுதான் உறைத்தது. சிரிப்பு வரவில்லையே என்று அவளே பயந்துபோனாள்.

பரிசோதனை லென்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாளின் கண்ணை அளந்தாள். நாலு நாளில் கண்ணாடி தயார். கொண்டுபோய் மாட்டிவிட்டாள். வாத்துக்கார அம்மாள் முதலில் குளத்தைப் பார்த்தார். "அடடே, இதுங்களுக்குக் கழுத்துல பச்சையெல்லாம் இருக்கா!" பிறகு மெல்லத் திரும்பி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். தலை முதல் கால் வரை, நிதானமாக.

"முப்பது வருஷமா இந்த மூஞ்சியோடயா நான் குடும்பம் நடத்தினேன்?"

அவர் அசரவில்லை. "நீ கண்ணாடி கேட்டப்பல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு நான் ஏன் தள்ளிப் போட்டேன்னு இப்பப் புரியுதா?"

இடியக்காவின் தோள் குலுங்கியது. அப்புறம் வந்தது பாருங்கள், மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்தது. கரையில் இருந்த அத்தனை வாத்தும் குளத்தில் குதித்தன. வாத்துக்கார அம்மாளும் மனுஷரைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு வரைபடத்தில் யாரோ ஒருவருடைய வயலின் எல்லை கோணல்மாணலாகப் போனது. பேனாவும் கையுமாக ஓடிவந்த கணவர், குளக்கரையில் அவள் மூச்சுத் திணறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன?

"அப்ப இங்கயே இருந்துடலாம்" என்றார், திரும்பி நடக்கும்போது.

"வேண்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு சிரிப்பு எனக்குப் பத்தாது. அதுக்கும் நானே ஒரு கண்ணாடி தேய்ச்சுக் குடுக்க வேண்டியிருக்கு. இவ்வளவு நாளா சிரிக்க எடம் தேடினோம், சிரிக்க வைக்கற மனுஷங்க எங்க இருக்காங்கன்னு பாக்கவே இல்ல. அங்கயே போயிடலாம்."

"மறுபடியும் சீட்டு ஒட்டுவாங்களே."

"அவங்க ஒட்டறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

நகரத்தில் வேறொரு கட்டடம். ஐந்து மாடி, இவர்களுக்கு இரண்டாவது. வந்து இறங்கிய அன்றே, மூட்டையைக்கூடப் பிரிக்காமல், முகம் கழுவிக்கொண்டு தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தாள். மூட்டை தூக்குவது போன்ற பாவனையில் கணவரும் கூடவே வந்தார்.

முதல் கதவை ஒரு தடித்த மனிதர் திறந்தார். "வணக்கங்க. ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கோம். நான் சிரிச்சா சத்தம் ரொம்பப் பெருசா இருக்கும். அடக்கவும் வராது. முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன்."

அவர் நடையில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் தும்மினா ஜன்னல் ஆடும்மா. பத்து வருஷமா தலகாணிக்குள்ளதான் தும்மறேன். வெளிய சொல்லிடாத."

முதல் மாடியில் ஓர் இளம் தம்பதி. இவள் சொல்லி முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் சொன்னாள்: "நாங்க சண்டை போடறதா இருந்தா பாத்ரூம் குழாயத் திறந்து விட்டுட்டுத்தான் ஆரம்பிப்போம், அக்கா. யாருக்கும் தொந்தரவா இருக்கக்கூடாதில்ல? ஆனா தண்ணிதான் ரொம்ப வீணாகுது."

இரண்டாவது மாடியில், எதிர் வீட்டில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. விறைப்பான ஆள். கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார்.

"நான் பாடுவேன்" என்றார் தலைமையாசிரியை கடைசியில். "நல்லா வராது. வராதுன்னு எனக்கே தெரியும். அதனால துணி அலமாரியைத் திறந்து, புடவைக்கு நடுவுல தலைய விட்டுட்டுப் பாடறேன். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

இடியக்கா அந்த வெள்ளைத் தலையையும் புடவைகளையும் ஒரு கணம் மனதில் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. தோள் குலுங்கியது. தலைமையாசிரியையின் உதடும் துடிக்க ஆரம்பித்தது. கணவர் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார்.

மேலே இருந்த மூன்று மாடிகளுக்கும் அவள் போய்ச் சொல்ல வேண்டிய வேலை அந்த நிமிஷத்தோடு முடிந்தது.