வடிகட்டிய தண்ணீர்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கொடிகள் கட்டிய கயிறுகள் காஜா பெராங் சாலையில் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிய மழைக்காலம் அது. ஓடைக்கு மேலே இருந்த குன்றைப் புது வீடுகளுக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தபோதெல்லாம் செம்மண் ஓடையில் இறங்கியது. ஓடை தூர்ந்தால் வெள்ளம் முதலில் நுழையப்போவது கம்போங் செட்டிக் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளுக்குள்தான்.

அப்போது நான் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர். வேலையை நிறுத்தச் சொல்லி பொதுப்பணி இலாகா இஞ்சினியரிடம் போனபோது, அளந்து காட்டு என்றார் அந்த வெள்ளைக்காரர். அளந்தேன். மூன்று இடம், மூன்று சோடா போத்தல்: வெட்டுக்கு மேலே, வெட்டுக்குக் கீழே, வீடுகளுக்குப் பின்னால். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணை அடிக்கோலால் அளந்து குறிப்பேன். ஏழு மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும் என்பதால், மூன்றாவது போத்தலை மட்டும் கடைசி வீட்டு மாமி நிரப்பித் தந்தார். தலைமுறைகளாகத் தமிழ் மறந்த செட்டி வீட்டுப் பெண்மணி. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய்.

முதல் போத்தல் தெளிவு. இரண்டாவதில் அரை அங்குல மண். மூன்றாவது தெளிவு. பத்து நாளும் அப்படியே. மண் இடையிலுள்ள ஓடை வளைவிலேயே தங்கிவிடுகிறது, வீடுகளுக்கு ஆபத்தில்லை என்று இஞ்சினியருக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் மாமியின் கொடியில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. நடுவில் செங்கல் நிறத்தில் வட்டக் கறை. இது என்ன என்று கேட்டேன்.

“சூடா தாப்பிஸ், அடிக். பெர்சே.”

தங்கச்சிக்காக வடிகட்டிவிட்டாராம், சுத்தமாம். பெருமையாகச் சொன்னார். ஒருவர் கையில் கலங்கல் தண்ணீரைக் கொடுப்பது அவர் வீட்டில் நடக்காத காரியம். அளக்கத்தான் கேட்கிறேன் என்று சொன்னவள் நான்தான்; வடிகட்டாதீர்கள் என்று சொல்லவில்லை.

பின்பக்கம் போய் ஓடையில் மூங்கில் கழியை இறக்கினேன். முன்பு முழங்கால் வரை நனைந்த இடத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்; மீதி மண். மாமி வீட்டுத் தரை ஓடையிலிருந்து நான்கே படி உயரம். மேகம் மூடிக்கொண்டிருந்தது. என் கடிதம் இலாகா மேசையில் இருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தொர முன்னால போயி, நான் எழுதுனது தப்புன்னு சொல்லப் போறியா? இனிமே நீ அளக்குற ரத்தத்த யாரும்மா நம்புவா?”

அதே பயம்தான் எனக்கும். ஆனாலும் மறுநாள் போனேன். பேசும்போது கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இஞ்சினியர் என் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

மாமி விருந்தாளியை உட்காரவைத்துக் கண்ணாடித் தம்ளரில் வடிகட்டிய ஓடைத் தண்ணீர் கொண்டுவந்தார். துரை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தம்ளரில் ஒரு துகள்கூட இல்லை.

துணியைக் கொண்டுவரும்படி மாமியிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது.

“மாலு, அடிக்,” என்றார் மெல்ல. வெட்கம். வந்தவர் முன்னால் அழுக்குத் துணியா?

“மாமி, தோலோங்.” தயவுசெய்து என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு வந்தது.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமி உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது யாரையும் பார்க்காமல், அன்று காலை வடிகட்டிய ஈரத்துணியை மேசைமேல் விரித்தார். துரை அந்த மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். எழுந்து குன்றைப் பார்க்க நடந்தார்.

வெட்டுவது நின்றது. கீழே மண் தேங்க ஒரு குளம் தோண்டினார்கள். அது முடிவதற்குள் இரண்டு பெருமழை. இரண்டாவதில் தண்ணீர் மாமி வீட்டின் மூன்றாவது படிவரை ஏறியது. நான் ஓடைப்பக்கம் நின்று, நான்காவது படியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நனையவில்லை.

அதற்குப் பிறகும் மாமி போத்தல் தந்தார், வடிகட்டாமல். ஆனால் பழைய செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் நீட்டுவார்.