செய்தி முடியட்டும்

ரேடியோவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முட்டாள் இந்தச் சேர்வராயன் மலையில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அடுத்தவன் காப்பித் தோட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலக வழக்கம். நானோ பேட்டரி போட்டால் பேசும் கறுப்புப் பெட்டியோடு ஆயுசு முழுக்கப் போட்டி போட்டுத் தோற்றவன். "இதையெல்லாமா நினைவு மலர்ல எழுதுவீங்க?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எப்படி எழுதுவது?

அண்ணன் பிறந்தது கிளியூரில். அப்பா காலமானதும் பள்ளியை விட்டு, எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏணி ஏறினார். தான் விட்ட படிப்பை என்னைப் படிக்க வைத்தார். பிறகு கொட்டச்சேட்டில் தோட்டக் கணக்கெழுதும் ரைட்டரானார். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் சில்வர் ஓக் மரக் கிளையில் ரேடியோவைத் தொங்கவிடுவார். டெல்லியிலிருந்து மதியச் செய்தி வந்தால்தான் பறிக்கும் பெண்களுக்குச் சாப்பாட்டு நேரம். கோபத்தில்கூட 'ங்க' போடாமல் யாரையும் அழைக்காதவர். என்னைத் தவிர.

சேலத்தில் வேலை கிடைத்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தேன்.

"அண்ணா, வேலை கெடச்சிருச்சுங்க! எல்லாம் உங்களாலதான்…"

"இருடா சாமி, செய்தி முடியட்டும்."

எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்திருந்தது. அந்த நாட்டின் மேல் எனக்கு இன்றும் கோபம். என் கல்யாணப் பேச்சு கிரிக்கெட் வர்ணனையின் உணவு இடைவேளையில் முடிந்தது. செய்தி வாசிக்கும் அந்த அம்மாள் பேசும்போது அண்ணன் ஒருநாளும் குறுக்கிட்டதில்லை. என் நன்றியை மட்டும் கடைசிவரை வாக்கியமாக முடிக்க விடவில்லை.

அவர் படுக்கையில் விழுந்ததும் லீவு போட்டு வந்தேன். நல்ல மழைக்காலம். ஈரம் ஏறிய ரேடியோ வெறுமனே இரைந்தது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியும் இறங்கவில்லை.

"தம்பி, ஏதாச்சும் பண்ணுங்க. நொம்ப ஏங்கறாரு," என்றார் அண்ணி.

கட்டிலை மறைத்த திரைக்குப் பின்னால் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டேன். அங்கேதான் செய்தி பார்க்கப் போனுக்குச் சிக்னல். தொண்டையைச் செருமி, "வணக்கம். தலைப்புச் செய்திகள்," என்றேன். அண்ணன் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. அண்ணி கஞ்சியை ஊட்டினார்.

அந்த வாரம் முழுக்க நாடாளுமன்ற அமளியும் டெஸ்ட் மேட்சும் என் வாய் வழியாகவே கொட்டச்சேட்டுக்கு வந்தன. சிக்னல் போனால் ஜன்னலைப் பார்த்து வானிலை அறிக்கை வாசித்தேன். அண்ணன் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. முதன்முறையாக என் குரலை முழுசாகக் கேட்கிறார், அதுவும் வேறு யாரோ என்று நினைத்து! கடைசியில் என்மேலேயே பொறாமைப்பட்டவன் நான்.

மழையில் டாக்டரை ஜீப்பில் அழைத்துவந்த செம்மநத்தத்து உறவினர்களுக்கும், தினமும் ஜெபிக்க வந்த பங்குத் தந்தைக்கும், கல்லறைவரை அழுதபடி நடந்த தோட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் எனக்குப் பேச்சு வராது.

ஞாயிறு காலை பூசை மணி அடிக்கையில் அண்ணன் ஆண்டவரிடம் போனார். முந்தின நாள் சாயங்காலம் மேட்ச் கடைசிக் கட்டத்தில் இருந்தது. விளையாட்டுச் செய்திக்கு முன்னால் துணிந்து ஒன்றைச் செருகினேன்.

"ஏற்காட்டிலிருந்து வந்துள்ள செய்தி. கொட்டச்சேட்டு அண்ணன் ஒருவர் ஏணி ஏறி மிளகு பறித்துத் தம்பியைப் படிக்க வைத்தார். அந்தத் தம்பி இன்றுவரை நன்றி சொல்லவில்லை. அவனுக்கு அண்ணனைவிடப் பெரியவர் உலகத்தில் யாரும் இல்லை என்று…"

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"தெரியுஞ் சாமி, ஸ்கோரச் சொல்லு."