கிழித்துக் கட்டிய வெள்ளைத் துணி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பிரதான வீதியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தேன். பக்கத்துக் கடையில் ஒரு சீனப் பல் வைத்தியர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அதன் பின்னறையிலேயே குடியிருந்தார். பல வருஷம் நம் ஊரில் இருந்து நம் பேச்சே அவருக்கும் பேச்சாகிவிட்டது. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவருக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டேன். எந்நேரமும் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறவர், வெள்ளை பிடித்த மனுஷன் என்று நானாகவே முடிவுகட்டினேன். மருதமுனைத் தறியில் நெய்த நல்ல துணியில் ஒரு சேட் தைக்க வேண்டிய அளவு வெட்டி, தாளில் சுற்றி, "அசல் மருதமுனை வெள்ளை" என்று பெருமையடித்துக்கொண்டே நீட்டினேன். இரண்டு தரம் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் இரண்டு கையாலும் வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். எனக்கு முகத்தில் அடித்தது போலாகிவிட்டது. பிறகும் அவர் அதில் சேட் தைத்துப் போடவில்லை. தையல்காரரிடம் விசாரித்துக்கூடப் பார்த்தேன், அவ்வளவு அற்பப் புத்தி எனக்கு. காலையில் அவர் சிரித்தால் துணி மடிப்பவன் போலக் குனிந்துகொள்வேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் அவர் கடை திறக்கவில்லை. பல்வலிக்காரர்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். கோபம் இருந்தாலும் பக்கத்துக் கடை அல்லவா, பின்பக்கமாகப் போய்க் கதவைத் தட்டினேன். மகள்தான் திறந்தாள். அவள் தலையில் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. தாய்க்கும் அப்படியே, வைத்தியர் இடுப்பிலும் ஒன்று. நெசவைப் பார்த்ததும் என் துணிதான் என்று தெரிந்துவிட்டது. அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது.

"ஆசையாத் தந்த துணிய இப்பிடிக் கிழிச்சுப் போட்டீங்களே டொக்டர். வேணாமெண்டா அண்டைக்கே திருப்பித் தந்திருக்கலாமே."

அவர் எழும்பி நின்றார். கையில் ஒரு கடிதம்.

"எங்கட வாப்பா சீனாவில மௌத்தாயிட்டாரு காக்கா. அடக்கி ஒரு மாசமாம். இண்டைக்குத்தான் கடிதம் வந்திரிக்கி."

தகப்பன் இறந்த சேதியோடு நின்றவரிடமா சண்டைக்குப் போனேன்! அவர்கள் வழக்கத்தில் மௌத்து வீட்டார்தான் இப்படி வெள்ளை கட்டுவார்களாம். வெள்ளைத் துணியை யாருக்கும் பரிசாகக் கொடுக்க மாட்டார்களாம். பரிசு தந்தவர் முன்னால் அதைப் பிரிப்பதும் மரியாதை இல்லையாம். இதெல்லாம் அன்றுதான் கேட்டு அறிந்தேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன்.

"பெருநாளண்டு சந்தோசமா வந்தீங்க, எப்பிடிச் சொல்ற? நல்ல துணி காக்கா. வாப்பாக்கு இதத்தான் கட்டணுமெண்டு எடுத்தன்."

கடையை மூடிவிட்டு அன்று முழுக்க அவரோடு உட்கார்ந்திருந்தேன். எங்களவர் மௌத்து வீட்டுக்குக் கொடுப்பது போலவே என் மனைவி மூன்று நாளும் சோறு கொடுத்தனுப்பினாள். நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் யாருக்காவது ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர்கள் முகம் மலர்கிறதா என்று பார்க்கத் தோன்றும்போதெல்லாம், சாவுக்குரிய துணி என்று தெரிந்தும் என் பெருநாள் கெட்டுவிடக் கூடாதென்று அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட அந்த மனுஷன் முன்னால் நின்று வெட்கப்படுகிறேன்.