பின்வாசல் டம்ளர்

கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில், நான்கு வயது மகளுக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி வைத்திருக்கிறேன். மாண்டிசோரி முறை. தண்ணீரைத் தானே ஊற்றிக் குடிப்பாள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைப்பாள். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

ஒரு மதியம், பாத்திரம் கழுவ வரும் செல்வியக்கா வேர்த்துப்போய் வந்து தண்ணீர் கேட்டார்.

“நான் தாரேனுங்க்கா” என்று மகள் ஓடினாள். அலமாரி நிறைய டம்ளர்கள். ஒன்றையும் தொடாமல் பின்வாசலுக்குப் போனாள். செல்வியக்காவுக்கென்று நான் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துவந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பாப்பாவுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்குதுங்க” என்றார் செல்வியக்கா, என்னைப் பார்க்காமல்.

இதை நான் சொல்லித்தரவே இல்லை. தினமும் அவள் கண்முன்னே செய்திருக்கிறேன்.

மாலையில் அந்த டம்ளரை அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். காலையில் அது மறுபடியும் பின்வாசலில் கவிழ்ந்திருந்தது.

“ஏன் அம்மணி எடுத்தே?” என்று மகளிடம் கேட்டேன்.

“அதோட எடம் அங்கதானுங்கம்மா.”

இப்போது அந்த டம்ளரில் நான்தான் குடிக்கிறேன். முதல் நாள் வாயருகே கொண்டுபோனபோது கை ஒரு கணம் தயங்கியது.

அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.