சிவப்புப் பொட்டு வைத்த கிண்ணம்

கூடையை மூடிய துணியை விலக்கி, இரண்டு சம்சாவை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள் சோனுன். செவ்வாய்க்கிழமை தோறும் இதுதான். ஓஷ் நகரத்துப் பழைய பஞ்சுக் கிடங்குச் சந்தில் நிற்கும் அந்த நல்ல மனிதர், சம்சாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. வாய் நிறைந்திருக்கும்போது கேள்வி எப்படி வரும்? அடியில் இருப்பவை, போதை ஊசி போடுகிறவர்கள் ஒருவர் ஊசியை ஒருவர் போடாமலிருக்க அவள் கொடுக்கும் புது ஊசிகள். மேலிடம் அனுமதித்தவைதான். அந்தச் செய்தி இன்னும் இந்தச் சந்துவரை நடந்து வந்து சேரவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. பதினோரு வருஷம் தானும் போதை ஊசி போட்டுக்கொண்டவள். விட்டு ஒன்பது வருஷமாகிறது. கணவர் போட்ட ஊசியையே வாங்கிப் போட்டதில் எச்.ஐ.வி. வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவள் காலைத் தொழுகை முடிந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையை விழுங்கிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

வீட்டில் அவளுடைய தேநீர்க் கிண்ணத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. மற்றவர்கள் தவறிக் குடித்துவிடக் கூடாதாம். தேநீரில் அது பரவாது என்று அவள் சொல்லாத நாளில்லை. பொட்டு வைத்தவன் கொழுந்தன் தாலாய். அவ்வளவு ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதைக்காரன் உட்கார்ந்திருப்பது கிடங்குக்குப் பின்னால், கூட்டாளி காதிர் வீட்டில், ஊசியும் கையுமாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் விரலைக் குத்திச் சோதிப்பவளும் இவளே. இதுவரை அவன் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அவளுடைய துஆவில் முதலில் வருவது.

இந்தச் செவ்வாயும் அவள் காதிர் வீட்டுக்குள் நுழைந்ததுமே, தாலாயையும் சேர்த்து அங்கிருந்த நான்கு பேரும் ஊசி உறைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

"பாத்தியாக்கா, நீ சொன்ன மாதிரியே. ஆளுக்கு ஒண்ணு," என்றான் காதிர்.

என்ன ஒரு படிப்பு. அவளும் பெருமைப்பட்டிருப்பாள், கம்பளத்தின் நடுவில் ஒரு கிண்ணம் இல்லாதிருந்தால். நால்வருக்கும் போதை மருந்து கரைத்த ஒரே கிண்ணம், அதில் வடிகட்ட ஒரே பஞ்சு. ஒருமுறை போட்டுக்கொண்ட தன் ஊசியை மறுபடி அதிலேயே முக்கி எடுத்துவிட்டு, காதிர் கிண்ணத்தைத் தாலாய் பக்கம் மரியாதையாக நகர்த்தினான்.

"ஊசி புதுசு, முங்குற குளம் மட்டும் ஒண்ணா?"

"வந்தவனுக்குத் தனிக் கிண்ணம் வச்சா என்ன நெனப்பான்க்கா? காதிருக்குக் குடுக்க மனசில்லன்னு ஊரே பேசும்."

"பேசும், பேசும். உன் உபசாரத்தப் பத்தி கபர்ஸ்தான்ல ஒரு வரிசையே படுத்துக்கிட்டுப் பேசுது."

மற்ற இருவர் சிரித்தார்கள். தாலாய் சிரிக்கவில்லை. "ஊசி புதுசுதானே அண்ணி. அப்புறம் என்ன?"

ஆறு மாதமாக ஊசி ஊசி என்றே பாடம் நடத்தியவள் அவள்தான். மருந்தை அவரவர் தனியாகக் கரைத்துக்கொள்ள ஊசிப் பெட்டியோடு வந்த குட்டிக் கரண்டிகளை, இதெல்லாம் எதுக்கு என்று கூடையின் அடியிலேயே போட்டுவைத்த மேதையும் அவள்தான். காதிரின் சோதனை முடிவும் அவளுக்குத் தெரியும். யாருடையதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துதான் இந்த வேலையில் சேர்ந்தாள்.

"போட்ட ஊசிய முக்கினா அதுல இருக்குற ரத்தம் கிண்ணத்துக்கு வந்துரும்டா. கண்ணுக்குத் தெரியாது." நான்கு கரண்டிகளைத் தேடி எடுத்து ஆளுக்கொன்றாக வைத்தாள். யாரும் தொடவில்லை. காதிர் வீட்டில் காதிர் கிண்ணத்தை யார் தள்ளுவது?

போகிற இடத்துக்கெல்லாம் கூடவே கொண்டுபோகும் தன் பொட்டுக் கிண்ணத்தை அவள் கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள். காதிர் தேநீர் ஊற்றினான். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"தாலாய், விருந்துக்குப் போன எடத்துல தேத்தண்ணி போதும்னா, ஊத்துற வீட்டுக்காரருகிட்ட எப்படிச் சொல்லுவ?"

"கிண்ணத்து மேல கைய வைப்பேன்."

"அவரு கோவிச்சுக்குவாரா?"

"இதுக்குப் போயி யாரு கோவிப்பா?"

"ம், எடு. உனக்குத்தான்," என்று காதிர் மருந்துக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

தாலாய் இடது உள்ளங்கையை அதன் வாய்மேல் வைத்தான். காதிர் பழக்க தோஷத்தில் தலையை அசைத்து அதைத் திரும்ப இழுத்துக்கொண்டான். தாலாய் ஒரு கரண்டியை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். பிறகு அண்ணியின் சிவப்புப் பொட்டுக் கிண்ணத்தை எடுத்து, மீதித் தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.