பரஸ்தான மூட்டை

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று இரண்டு வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இருக்கிறேன் சார். ஆனால் நடுக்கடலில் வாங்கிய அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை.

நானும் என் மனைவி கமலாவும் பன்னிரண்டு வருஷம் பாபடோயிட்டோயில் டெய்ரி நடத்தியது உங்களுக்குத் தெரியும். பால், ரொட்டி, பேப்பர், மிட்டாய் விற்கும் மூலைக்கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். போன வருஷம் கடையைக் கொடுத்துவிட்டு ரிடையர் ஆனோம். இனிமேல் நாற்காலியும் நாளிதழும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கமலா வேறு நினைத்திருக்கிறாள்!

ஒரு நாள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நெல்சன் பக்கம் ஆப்பிள் பேக்கிங் ஷெட்ல ஆறு வாரத்துக்கு ஆள் எடுக்கறாங்களாம். நம்ம ரெண்டு பேர் பேரையும் பக்கத்து வீட்டு சரோஜா எழுதிப் போட்டுட்டா."

சாதம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அறுபத்திரண்டு வயதில் ஆப்பிள் பொறுக்கவா?

"பொறுக்கறது இல்லீங்க. பெல்ட்ல ஓடி வரும். அடிபட்டது, புள்ளி விழுந்தது எல்லாத்தையும் பார்த்து எடுத்துப் போடணும். உங்களுக்குப் பெட்டி நம்பர் எழுதற வேலை."

"நமக்கு எதுக்கு கமலா இதெல்லாம்?"

"கடை உங்க பேர்ல இருந்துச்சு. வீடும் உங்க பேர்ல. இது என் பேர்ல வர்ற வேலை. ஒரு தடவையாவது செஞ்சு பார்க்கணும்."

ரசத்தைக் குடித்துவிட்டுச் சரி என்றேன்.

தங்குவதற்கு அங்கே இடம் கிடையாது. அதனால் ஒரு பழைய கேம்பர்வேன் வாங்கினோம். அடுப்பு, படுக்கை, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உள்ளேயே... சக்கரம் வைத்த ஒண்டுக்குடித்தனம். "அப்பா, ஆர் யூ மேட்?" என்று என் மகள் போனில் கத்தினாள். "உங்கம்மாகிட்ட கேளு" என்று ரிசீவரைக் கைமாற்றிவிட்டேன்.

நாங்கள் இருப்பது வடக்குத் தீவு; நெல்சன் கடலுக்கு அந்தப் பக்கம், தெற்குத் தீவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்பினால்தான் சனிக்கிழமை வெல்லிங்டனில் வண்டியோடு கப்பல் ஏற முடியும். திங்கட்கிழமை வேலை. ஆனால் பஞ்சாங்கம் பார்க்காமல் கமலாவுக்குக் கால் எழும்பாதே!

பஞ்சாங்கத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கம் மட்டுமா? ஊரிலிருந்து வரும் கடிதம், கல்யாணப் பத்திரிகை, ஏன், இந்தப் பத்தியையும் வாராவாரம் நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். "நீங்களே படிங்க. உங்க குரல்ல கேட்டாத்தான் நல்லாயிருக்கு" என்பாள். எனக்கும் பெருமை பிடிபடாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன்.

படித்தேன். வெள்ளி கரிநாள். புதன் காலை நல்ல நேரம். "அப்ப பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள்.

அதாவது, நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நமக்குப் பதிலாக ஒரு மூட்டையைக் கிளப்பி அடுத்த வீட்டில் வைத்துவிடுவது. கிளம்புகிற அன்று அதை எடுத்துக்கொண்டு போனால், அந்த நல்ல நேரத்திலேயே கிளம்பினதாக அர்த்தம். புதன்கிழமை கமலா ஒரு மூட்டையைக் கட்டி, பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் கொடுத்தாள். சரோஜா பிஜியில் பிறந்தவர். பேச்சில் தமிழ் பாதி, பிஜி இந்தி பாதி, ஆனால் சாமி விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. "கவலை வேணாம் அக்கா. சாமிகிட்ட வெச்சிருக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. நான் குனிந்தேன், நிமிர்ந்தேன், திட்டினேன். அதற்குள் சரோஜா வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்கு வண்டி ஒரு வழியாக இருமிக்கொண்டு கிளம்பியது. எங்கே மறுபடி நின்றுவிடுமோ என்று திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.

அடேயப்பா, என்ன தூரம்! பின்னால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று சண்டை போட, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்ட, அன்று முழுவதும் ஓட்டினேன். டெசர்ட் ரோடு என்கிற பொட்டல்வெளிச் சாலையில் அடித்த காற்றில் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கமலா ஊறுகாய் பாட்டிலை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கப்பல். ஷெட்டிலிருந்து அனுப்பிய ஃபாரத்தைத் தானே நிரப்பப் போவதாகச் சொல்லிக் கைப்பையைத் திறந்தாள். துழாவினாள். முகம் வெளிறிவிட்டது.

"மூட்டையை எங்க வெச்சீங்க?"

"எந்த மூட்டை?... நீதானே எடுத்தே?"

"நீங்க எடுத்தீங்கன்னுல்ல நினைச்சேன்! அதுலதான் என் கண்ணாடி இருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கண்ணாடியை யாராவது மூட்டையில கட்டுவாங்களா?"

"எதுக்காகப் போறோமோ அதைத்தானே வைக்கணும்? பார்த்துப் பிரிக்கற வேலைக்குப் போறேன், கண்ணாடியை வெச்சேன்."

முதல் நாள் பரீட்சை, புள்ளி விழுந்த பழத்தைக் கோட்டைவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சரோஜா சொல்லியிருந்தார். கப்பல் கரை சேர்வதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். இந்த நாட்டில் அதற்கப்புறம் எந்தக் கண்ணாடிக் கடை திறந்திருக்கும்? "போச்சு. என் பேர்ல வந்த ஒரே வேலையும் போச்சு" என்று கமலா அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், நாலு பேர் நடுவில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"சரி, சரி... இப்போதைக்கு இதைப் போட்டுக்கோ" என்று என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டாள். ஃபாரத்தைப் பார்த்தாள். எழுதவில்லை. திருப்பிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, அதிலிருந்த பொடி எழுத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எழுத்து இவ்வளவு கறுப்பாவா இருக்கும்?"

சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவளுடைய கண்ணாடி எப்போது வாங்கியது? விமானம் ஏறுவதற்கு முன், மதுரையில். இங்கே வந்தபின் நான் நாலு தடவை கண்ணாடி மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் மவுண்ட் வெல்லிங்டனில் கண் டாக்டரிடம் நான் உட்கார்ந்திருந்த நாலு தடவையும் கமலா எங்கே இருந்தாள்? கல்லாவில்! "போயிட்டு வாங்க, கடையை நான் பார்த்துக்கறேன்" என்றுதானே அனுப்பினாள்?

"ஏன்டி என்கிட்ட சொல்லவே இல்லை?"

"எனக்கென்ன தெரியும்? வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்போலன்னு இருந்துட்டேன்."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை என் கண்ணாடியை நூல் போட்டுக் கட்டிக்கொண்டு கமலா பெல்ட் முன்னால் நின்றாள். கடுகத்தனை புள்ளிகூடத் தப்பவில்லை. நான் பெட்டி நம்பர் சீட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடிப்பதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். அன்று மத்தியானமே என்னை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டான். ஆறு வாரமும் அட்டைப்பெட்டிதான். போன் செய்தபோது, மூட்டையைத் தபாலில் அனுப்பட்டுமா என்று சரோஜா கேட்டார். "வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்று கமலா சொல்லிவிட்டாள். கடைசி நாள் சூப்பர்வைசர் அவள் கையைக் குலுக்கி, அடுத்த வருஷமும் கட்டாயம் வர வேண்டும் என்றான். என்னைக் காட்டி, டிரைவரையும் கூட்டி வரலாமாம்!

போன வாரம் வீடு திரும்பினோம். சரோஜா மூட்டையைப் பத்திரமாகக் கொடுத்தார். பிரித்தேன். ஒரு புடவை, என் வேட்டி, கைப்பிடி அரிசி, அந்தக் கண்ணாடி.

என் கண்ணாடியை இனித் தர முடியாது என்று கமலா சொல்லிவிட்டாள். கேட்க எனக்கும் வாய் வரவில்லை. புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். வரும்வரை அவளுடைய பழைய கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி ஒவ்வொரு வரியும் நெளிகிறது. பன்னிரண்டு வருஷம் இதன் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். நான் என்னடாவென்றால், என் குரல் இனிமையில் மயங்கிப் படிக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்!

எழுதி முடித்ததும், வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்தேன். "இங்க குடுங்க" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் தடவையாக என் எழுத்தை அவளே படித்தாள், கடைசி வரி வரைக்கும். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "நீங்க படிக்கறப்போ நல்லாயிருந்துச்சு."